சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்: மணிமேகலை காட்டும் அமைதி நெறி

போர் ஓய்தலும் அமைதி பிறத்தலும் ஒன்றல்ல. படைக்கலம் ஓய்ந்த பின்னும் பகை ஓயாதிருத்தல் கூடும். உடன்படிக்கை எழுதப்பட்ட பின்னும் உள்ளம் உடன்படாதிருத்தல் கூடும். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற யுனெஸ்கோ நிறுவனம், போரின் விளைநிலம் மனித உள்ளமே என்னும் கருத்தைத் தன் சாசனத்தின் முகவுரையிலேயே அமைத்துக்கொண்டது. கோடிக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட பின்னர் உலகம் கற்றுக்கொண்ட இப்பாடத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தமிழில் ஒரு காப்பியமாக விரித்துரைத்தவர் சீத்தலைச் சாத்தனார். அவர் இயற்றிய மணிமேகலையின் முப்பது காதைகளிலும் அரசர் இருவர் பொருது ஒருவர் வென்ற வீரக்கதை ஒன்றேனும் முதன்மை பெறவில்லை. பகை கொண்ட உள்ளம் எவ்வாறு மாறுகின்றது, மாறாதபோது யாது நிகழ்கின்றது என்பனவே அதன் பொருளாக அமைந்தன.

உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் இக்காப்பியத்தை அச்சிட்டு வெளிப்படுத்திய நாள் முதல் இதன்மீது இரு குறைகள் கூறப்பட்டு வருகின்றன. இது பௌத்த சமயத்தைப் பரப்புதற்கு எழுந்த நூலே அன்றிக் காப்பியமன்று என்பது ஒன்று. வானில் பறத்தல், வேற்றுருக் கொள்ளல், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்றின்னோரன்ன அற்புதங்கள் மலிந்து, மனித வாழ்வினின்றும் விலகி நிற்பது என்பது மற்றொன்று. இவ்விரு கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், பகையும் அருளும் மனித உள்ளத்தில் நிகழ்த்தும் போராட்டத்தை நடுவாக வைத்து நூலை நோக்கின், சமய முடிபுகளுக்கும் அற்புதங்களுக்கும் அடியில் மிக நுண்ணியதொரு மனித நூல் மறைந்திருத்தல் புலனாகும்.

சாத்தனார் புதிதாக யாது செய்தார் என்பதை அறிதற்கு அவருக்கு முற்பட்ட தமிழ் மரபை முதற்கண் நோக்குதல் தகும். சங்கப் புலவருள் போரைத் தடுக்க முயன்றவர் பலர். அவருள் தலைசிறந்தவர் கோவூர் கிழார். சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முள் பொருதபோது அவர் இருவரிடையே புகுந்து உரைத்த செய்தி புறநானூற்றில் உண்டு. எதிர்த்து நிற்பவன் பனைமாலை சூடிய சேரனுமல்லன், வேப்பமாலை சூடிய பாண்டியனுமல்லன். இருவர் கண்ணியும் ஆத்தியே. எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்பது அவர் உரையின் கருத்து. மலையமான் மக்களை யானைக்காலில் இடுவிக்கக் கிள்ளிவளவன் துணிந்தபோதும் அவரே முன்னின்று தடுத்தார். யானையைக் கண்டு அழுகையையும் மறந்து வியந்து நின்ற அச்சிறுவரின் அறியாமையை மன்னனுக்குச் சுட்டிக்காட்டினார். ஆணையால் மாறாத மன்னனின் உள்ளத்தைச் சொல்லால் மாற்ற முயன்ற பெருமை அவருக்கு உரியது.

எனினும் ஆத்திக் கண்ணியைக் காட்டிய வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. இருவரும் ஒரே கண்ணியைச் சூடியவராதலின் பொருதல் தகாது என்றால், வேறு கண்ணி சூடியவருடன் பொருதல் தகுமோ என்னும் வினா எழுகின்றது. உறவை நினைவூட்டிப் பெறும் அமைதி உறவு முடியும் இடத்தில் தானும் முடிந்துவிடும். மலையமான் மக்களின் பொருட்டு உரைத்தபோது கோவூர் கிழாரே அந்த எல்லையைச் சற்றுக் கடந்தார். அங்கே அவர் காட்டியது குடியுறவை அன்று, குழந்தையின் இயல்பை. அவர் நின்ற இடத்திலிருந்து சாத்தனார் மேலே நடக்கின்றார். குடியும் மொழியும் உணவும் வழிபாடும் வேறான இருவரிடையே அமைதி எதன்மேல் நிற்கும் என்பதே மணிமேகலையின் வினா.

இவ்வினாவை நூல் முதலில் எழுப்புவது மணிபல்லவத் தீவிலாகும். தெய்வத்தால் தூக்கிச் செல்லப்பட்டுத் தனியளாய் விடப்பட்ட மணிமேகலை அங்கே புத்தபீடிகையைக் காண்கின்றாள். அப்பீடிகையின் வரலாற்றைப் புலவர் சில அடிகளிலேயே கூறி முடிக்கின்றார். நாகநாட்டை ஆளும் மன்னர் இருவர் அப்பீடிகையைத் தமதெனக் கொண்டு வந்தனர். இருவராலும் அதனைப் பெயர்த்தெடுக்க இயலவில்லை. அதன்மீது கொண்ட பற்றை விடுதற்கும் இயலவில்லை. கண் சிவந்து நெஞ்சு புகைந்து தத்தம் சேனையோடு பொருதனர். அப்போது புத்தர் பெருமான் தோன்றிப் பீடிகை தமதென்று கூறிப் போரை நிறுத்தி, அதன்மீதமர்ந்து அறம் உரைத்தார்.

எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது என்னும் இந்நிலையிலேயே உலகின் பெரும்பாலான பகைகள் நிற்கின்றன. மன்னர் இருவரையும் பிணித்தது பீடிகையன்று. எனது என்னும் எண்ணமே. அறவோர் வந்து பீடிகையை இரண்டாகப் பிளந்து பங்கிட்டாரல்லர். ஒருவனுக்கு உரிமையாக்கி மற்றவனை விலக்கினாருமல்லர். உடைமையாகக் கருதப்பட்ட ஒன்றை அறம் கேட்கும் இடமாக மாற்றினார். பொருள் அங்கேயே இருக்கின்றது. அதனை நோக்கும் நோக்கு மாறுகின்றது. அகமாற்றம் என்று பிற்காலத்தார் விரித்துப் பேசும் கருத்து இச்சிறு நிகழ்ச்சியில் முழுமையாக அடங்கியுள்ளது.

இதே வரலாறு ஈழத்தின் பாளி மொழி நூலாகிய மகாவம்சத்தின் முதலாம் அதிகாரத்திலும் வருகின்றது. அங்கே பொருதவர் மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர், மாமனும் மருகனுமாவர். இடம் நாகதீபம், பொருள் மணியாசனம். புத்தர் வானில் தோன்றி முதலில் பேரிருளை உண்டாக்கி நாகரை அச்சுறுத்திப் பின்னர் ஒளி காட்டித் தேற்றி அறம் உரைத்தார் என்றும், நாகர் ஆசனத்தை அவருக்கே அளிக்க, அவர் அதனை வழிபாட்டுக்குரிய பொருளாக அவர்களிடமே விட்டுச் சென்றார் என்றும் அந்நூல் கூறும். இரு நூல்களையும் ஒப்புநோக்குவார்க்கு ஒரு வேறுபாடு தெற்றெனப் புலப்படும். மகாவம்சத்தில் அறவுரைக்கு முன்னே அச்சம் வருகின்றது. சாத்தனாரின் பாட்டில் இருளும் இல்லை, அச்சமும் இல்லை, சொல் ஒன்றே உண்டு. இவ்வேறுபாடு புலவர் எண்ணித் துணிந்ததோ, அவர் கேட்ட வழக்கே அத்தகையதோ, எவ்வாறாயினும் நூலின் பிற பகுதிகளோடு அது முற்றும் பொருந்தி நிற்கின்றது. அச்சத்தால் அடங்கிய பகையைச் சாத்தனார் எவ்விடத்தும் அமைதி என்று கொள்ளவில்லை.

மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்பது அறிஞர் பலர் கொள்கை. வேறு கருத்துடையாரும் உளர். அவ்வாராய்ச்சியின் முடிவு எதுவாயினும், அத்தீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகதீப விகாரையும் அருகருகே நிற்கின்றன. தமிழ்க் காப்பியமும் பாளி வரலாற்று நூலும் ஒரே நிகழ்ச்சியைத் தத்தம் வழியிற் பேணி வந்திருக்கின்றன. போரை நிறுத்திய கதை ஒன்று இரு சாராருக்கும் பொதுச் செல்வமாக வாய்த்திருத்தல் எண்ணிப் பார்த்தற்குரியது.

நாகர் இருவரிடையே நிகழ்ந்தது அறவோர் ஒருவரால் வந்த அமைதி. அத்தகைய அறவோர் எங்கும் எக்காலத்தும் கிடைப்பாரல்லர். ஆகவே சாத்தனார் பதினாறாம் காதையில் மிகச் சாதாரணமான மனிதன் ஒருவனைக் கொண்டு அதே பணியைச் செய்விக்கின்றார். அவன் ஆதிரையின் கணவனாகிய சாதுவன். கற்புடைய மனைவியைக் கைவிட்டுக் கணிகையொருத்தியோடு வாழ்ந்து, வட்டாடியும் சூதாடியும் கைப்பொருள் முழுவதையும் இழந்தவன். பொருளீட்டக் கடல் கடந்து செல்லுகையில் கலம் கவிழ, ஒடிந்த மரமொன்றைப் பற்றி நாகர் வாழும் மலைப்பக்கத்தை அடைந்தான். அந்நாகர் ஆடையற்றவர், கரையொதுங்கிய மனிதரைக் கொன்று தின்பவர். உறங்கிக்கிடந்த அவனை இரையென எழுப்பியபோது அவன் அவர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினான். அவர்கள் வியந்து, கொல்லாது தம் தலைவனிடம் அவனை அழைத்துச் சென்றனர்.

இக்காட்சியில் மூன்று நுட்பங்கள் கருதத்தக்கன. முதலாவது, சாதுவனின் உயிரைக் காத்தது அவனது தவமுமன்று, தெய்வத்தின் துணையுமன்று. பிறர் மொழியை அவன் கற்றிருந்தமையே. தன் மொழியைப் பேசுவானை இரையாகக் காணுதல் அரிது. இரண்டாவது, தலைவன் விருந்தாக அளித்த கள்ளையும் ஊனையும் பெண்ணையும் மறுத்த அவன், மறுத்ததற்குக் காரணம் கேட்கப்பட்டபோது சினவாது விடை கூறினான். உயிர் உடலினின்றும் வேறென்பதை, எரியிடப்பட்ட உடல் வலியறியாமையை எடுத்துக்காட்டி விளக்கினான். மூன்றாவது, அவன் பெற்ற வெற்றி அரைகுறையானது. கள்ளும் ஊனும் இன்றி எம்மால் வாழ இயலாது என்று தலைவன் வெளிப்படையாகக் கூறியபோது, சாதுவன் அவர்களை முழுத்துறவிகளாக்க முயன்றானல்லன். கலம் கவிழ்ந்து வருவோரைக் கொல்லாதீர். மூத்து இறந்த விலங்கின் ஊனோடு அமைவீர். ஏனைய உயிர்களுக்குத் தீங்கு செய்யாதீர் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டான். தலைவனும் தமக்கியன்ற அறம் அதுவே என்று ஏற்றான்.

அமைதி பற்றிப் பேசுவோர் பலர் முழுமையையே வேண்டி, இயன்றதையும் இழந்துவிடுவர். சாத்தனார் இவ்விடத்தில் மிக்க நடைமுறை அறிவுடையவராய் விளங்குகின்றார். அகமாற்றம் என்பது ஒரே கணத்தில் மனிதனை வேறொருவனாக்கும் மாயமன்று. இன்று கொல்லுகின்ற கை நாளை கொல்லாது நிற்கும் அளவில் தொடங்குவது. மேலும், பிறரை மாற்றப் புகுபவன் குற்றமற்றவனாயிருத்தல் வேண்டும் என்பதுமில்லை. தன் வீழ்ச்சியை அறிந்த சாதுவனே பிறர் இயலாமையையும் பொறுக்கக் கற்றவனாகின்றான்.

இனி, அருள் மனிதனுக்கு இயல்பா, வெளியிலிருந்து புகுத்தப்படுவதா என்னும் வினாவுக்கு நூல் தரும் விடையை நோக்குதல் வேண்டும். இதற்கு விடை அமுதசுரபியிலே உளது. பாத்திரத்தைப் பெற்ற மணிமேகலை, தான் பெற்ற குழந்தையின் பசித்த முகத்தைக் கண்ட அளவில் பால் சுரக்கும் தாயின் மார்போடு அதனை ஒப்பிட்டுப் பேசுகின்றாள். பசித்தோர் முகம் கண்டவிடத்துப் பாத்திரம் அவ்வாறே சுரத்தல் வேண்டுமென்பது அவள் வேட்கை. அற்புதப் பொருளை விளக்குதற்குப் புலவர் தேடிய உவமை உலகத்தில் மிக எளியது, மிக இயல்பானது. அப்பாத்திரத்தை முதலில் கையேந்திய ஆபுத்திரனும், பெற்றவளால் தோட்டத்தில் கைவிடப்பட்டு, ஏழு நாள் பசுவொன்றின் பாலால் உயிர் தரித்தவனே. பிற்காலத்தில் அவன் வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை விடுவித்து அடியுண்டதும், மதுரையில் பிச்சையேற்றுப் பிறர் பசி தீர்த்ததும் அப்பாலின் விளைவே எனலாம். பெற்ற அன்பே பெருகி அருளாகின்றது என்பது இந்நிகழ்ச்சிகளால் போதரும். அருளை அன்பு ஈன்ற பிள்ளையாகக் கண்ட வள்ளுவரின் கருத்தும் இதுவே.

அன்பு பெருகி அருளாவது போலவே, குறுகிக் கொடுமையாதலும் உண்டு. அதனைக் காட்டுதற்கே நூலின் நடுப்பகுதி அமைந்துள்ளது. சோழ இளவரசனாகிய உதயகுமரன் மணிமேகலையை விரும்பித் தொடர்கின்றான். அவள் நெஞ்சமும் ஒருகால் அவன்பின் சென்றதை அவளே ஒப்புக்கொள்கின்றாள். அவனினின்றும் நீங்குதற்பொருட்டுக் காயசண்டிகை என்பாளின் உருவைத் தாங்கி, சிறைக்கோட்டத்துட் புகுந்து கைதிகளின் பசியைத் தீர்க்கின்றாள். ஒரு பாத்திரம் கொண்டு பலருக்கு உணவளிக்கும் அதிசயத்தைக் காவலர் வந்து கூற, மன்னன் அவளை அழைத்து, யான் செய்யக்கடவது யாது என்று வினவுகின்றான். அவள் பொன்னையும் பூமியையும் கேட்கவில்லை. சிறையை ஒழித்து அறவோர் கோட்டமாக்குக என்கின்றாள். மன்னன் இசைகின்றான். சிறையிருந்த இடத்தில் கோயிலும் பள்ளியும் அடுக்களையும் உண்ணும் மண்டபமும் எழுகின்றன.

உலக இலக்கியத்திலே போற்றத்தக்க காட்சி இஃதென்பதில் ஐயமில்லை. காப்பியம் பிரசார நூலாக மட்டும் இருந்திருப்பின் இவ்விடத்தில் மனநிறைவோடு நின்றிருக்கும். சாத்தனாரோ நிற்கவில்லை. அடுத்த காதையிலேயே, காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன், தன் மனைவி வேற்றாடவனோடு உரையாடுகின்றாள் என மயங்கி, இரவில் அம்பலத்துட் புகுந்த உதயகுமரனை வாளால் வீழ்த்துகின்றான். அதற்கடுத்த காதைக்குப் பின் வருவது சிறை செய் காதை. மகன் இறந்ததை முனிவர் வாயிலாகக் கேட்ட மன்னன் நீதி வழுவவில்லை. கன்றின் பொருட்டு மகனைத் தேர்க்காலில் இட்ட முன்னோனை நினைந்து, தான் செய்யத்தக்க தண்டனையைப் பிறனொருவன் செய்தான் என்கின்றான். ஆயினும் மணிமேகலையைக் காவலில் வைக்க ஆணையிடுகின்றான். அக்காவல் அவளது பாதுகாப்புக்கே எனினும், சிறையை ஒழிக்கச் சொன்னவளே இப்போது சிறைப்பட்டாள். அறக்கோட்டம் எழுப்பிய ஆணையும் காவலில் இடுவித்த ஆணையும் ஒரே வாயினின்றும் பிறந்தவை.

காதைகளின் இவ்வடைவு தற்செயலானதன்று. மன்னன் சிறையை ஒழித்தது வியப்பினால், உள்ளம் திரும்பியதனாலன்று. கட்டடம் மாறியது, கட்டளையிடுவோன் மாறவில்லை. அவனிடத்து நீதி உண்டு, நடுவுநிலைமை உண்டு, அருள் மட்டும் இன்னும் பிறக்கவில்லை. வெளியமைப்பை மாற்றினால் அமைதி தானே வரும் என்பார்க்கும், உள்ளம் மாறினால் போதும் வெளியமைப்பை மாற்ற வேண்டுவதில்லை என்பார்க்கும் சாத்தனார் ஒருங்கே விடையிறுக்கின்றார். உள்ளமாற்றம் இல்லாத அறக்கோட்டம் ஒரு துயரம் நேர்ந்த அளவில் நிலைகுலைந்துவிடும். அறக்கோட்டமாக உருப்பெறாத உள்ளமாற்றமோ பசித்தவனுக்குப் பயன்படாது.

உண்மையான மாற்றம் சிறை விடு காதையில் நிகழ்கின்றது. அதற்குரியவள் மன்னனல்லள், மகனை இழந்த தாயாகிய இராசமாதேவி. அவள் தன் துயரை மறைத்து, மணிமேகலைக்குச் சிறை தகாது என்று மன்னனிடம் நயந்து பேசி அவளைத் தன்னிடம் அழைத்துக்கொள்கின்றாள். பின்னர் மூன்று கொடுமைகள் தொடர்கின்றன. அறிவை மயக்கும் மருந்தை ஊட்டுகின்றாள். கல்லாத இளைஞன் ஒருவனுக்குப் பொருள் கொடுத்து அவளை இழிவுபடுத்த ஏவுகின்றாள். உண்ண இயலாத நோயுடையாள் எனப் பொய் கூறிப் புழுக்கறையில் அடைத்துப் பட்டினி போடுகின்றாள். அறிவு, மானம், உயிர் என்னும் மூன்றையும் முறையே அழிக்க முயலும் இக்கொடுமைகளுக்கு வேர் யாதெனின், மகன்மீது கொண்ட அன்பே. பிள்ளையின் முகம் கண்டு பால் சுரந்த அதே தாய்மை, பிள்ளையை இழந்தவிடத்து நஞ்சாகின்றது. கொடுமை செய்வோரை இயல்பிலேயே கொடியோர் என்று கருதும் எளிய நோக்குக்குச் சாத்தனார் இடந்தரவில்லை.

மூன்று முயற்சியும் பயனற்றுப் போக, வாடாத மேனியோடு மணிமேகலை இருத்தலைக் கண்டு தேவி நடுங்குகின்றாள். மகனை இழந்த துயரைத் தாங்கமாட்டாது இவற்றைச் செய்தேன், பொறுத்தருள்க என்று தன் வாயாலேயே குற்றத்தை உரைக்கின்றாள். மணிமேகலையின் மறுமொழி தமிழ்க் காப்பியங்களில் வரும் அறவுரைகளுள் தலையாயது. தேவி அழுதது மகனின் உடலுக்கா உயிருக்கா என்று அவள் வினவுகின்றாள். உடலுக்கெனின், அதனை எரியிடக் கொடுத்தவர் யாவர்? உயிருக்கெனின், அது சென்று புகுந்த இடம் அறிதற்கரியது. அவ்வுயிர்மீது உண்மையான அன்பிருப்பின், அது எவ்வுயிராயும் இருக்கலாமாதலின், எல்லா உயிர்மீதும் இரங்குதல் வேண்டும் என்பது அவள் உரையின் முடிபு.

இவ்வுரையின் சிறப்பு அது துயரை மறுக்காமையில் உள்ளது. அழாதே என்றோ, மறந்துவிடு என்றோ, மகனை வெறுத்துவிடு என்றோ மணிமேகலை கூறவில்லை. தாயன்பைப் பொய்யென்று இகழவுமில்லை. அவ்வன்பு நிற்கின்ற எல்லையை மட்டும் அகற்றுகின்றாள். கோவூர் கிழாரின் ஆத்திக் கண்ணி இங்கே எல்லா உயிரும் சூடிய கண்ணியாகின்றது. பழிவாங்கும் உள்ளத்தை அழித்து அதனிடத்தில் வேறோர் உள்ளத்தை அமைப்பதன்று அகமாற்றம். உள்ள அன்பே தன் அடைப்பைக் கடந்து பாய்தல் அகமாற்றம். மனிதரின் இயல்பு அருளே என்னும் கொள்கைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. ஏனெனின், கொடுமையின் உச்சியில் நின்ற உள்ளத்திலேயே அருளின் வித்தைப் புலவர் கண்டு காட்டுகின்றார்.

மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. பொறுமையைப் போதித்தல் இழப்பறியாதார்க்கு எளிது. மணிமேகலையோ அத்தகையள் அல்லள். முற்பிறப்பில் கணவனாயிருந்த உதயகுமரனின் உடலைக் கண்டு அவளும் அழுதவள். தேவியின் கொடுமைகளைத் தன் உடம்பிலே தாங்கியவள். துன்புற்றவள் என்னும் உரிமையோடு துன்புற்றவளிடம் அவள் பேசுகின்றாள். அவ்வுரையும் தேவி தன் குற்றத்தை மறையாது உரைத்த பின்னரே பிறக்கின்றது. உண்மை உரைக்கப்படுமுன் மன்னிப்பை வேண்டுதல் இக்காப்பியத்தின் நெறியன்று. இறுதியில் தேவி வணங்க, மணிமேகலை அவ்வணக்கத்தை ஏற்று நிமிர்ந்து நிற்கவில்லை. தன் கணவனைப் பெற்றவள், மன்னனின் பெருந்தேவி என்னும் முறைகளைக் கூறித் தானும் வணங்குகின்றாள். வென்றவரும் தோற்றவரும் இல்லாத இவ்வணக்கத்தில் பகை முற்றுப்பெறுகின்றது.

இந்நெறியைப் பௌத்தத்துக்கே உரியதென ஒதுக்குவார்க்குச் சேக்கிழார் காட்டும் மெய்ப்பொருள் நாயனார் வரலாறு தக்க விடையாகும். அடியார் வேடம் பூண்டு வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை வெட்டப் புகுந்த தத்தனை நாயனார் தடுத்து, அப்பகைவனை ஊறு நேராது ஊர் எல்லை கடத்தி விடுமாறு ஏவினார். அவன் இடையூறின்றிச் சென்றான் என்னும் செய்தியைக் கேட்கும்வரை உயிர் தாங்கியிருந்தார். சிவவேடத்தின்பால் வைத்த பத்தி அங்கே காரணம். எல்லா உயிரின்பால் வைத்த அருள் இங்கே காரணம். காரணம் வேறுபடினும், பகைவனின் உயிரையும் காக்கும் நிலையில் இரு சமயங்களும் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன.

காப்பியத்தின் குறைகளையும் கூறாது விடுதல் திறனாய்வுக்கு அழகன்று. உதயகுமரன் முற்பிறப்பில் இராகுலனாய் இருந்தபோது, உணவு கொணர்கையில் இடறிய மடைத்தொழிலாளனைச் சினந்து வெட்டிய வினையே இப்பிறப்பில் வாளாய் வந்தது என்று கந்திற்பாவை கூறும். சினத்தின் விளைவு தொடரும் என்னும் எச்சரிக்கையாக இதனைக் கொள்ளின் பயனுண்டு. கொலையுண்டவன் அதற்குரியவனே என்னும் ஆறுதலாகக் கொள்ளின், நிகழ்காலக் கொடுமையைப் பழவினையின்மேல் ஏற்றி அமைதியடையும் தீங்கு நேரும். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேற்றுமையைப் புலவர் போதிய அளவு தெளிவாக்கவில்லை. சமயக் கணக்கரின் வாதங்களைத் தொகுத்துரைக்கும் காதையிலும், நாகர் தலைவனிடம் சாதுவன் காட்டிய பொறுமையைக் காணுதல் அரிது. பிறர் மொழியில் பேசிய புலவர், பிறர் கொள்கையை அதன் உள்ளிருந்து காண முயன்றாரல்லர்.

அற்புதம் பற்றிய குறை இதனினும் ஆழ்ந்தது. மந்திர வலிமை இல்லாதிருப்பின் மணிமேகலை அழிந்திருப்பாள். தேவியும் மாறியிருக்கமாட்டாள் என்று ஒருவர் வாதிக்கலாம். இதற்கு விடை நூலிலேயே உளது. மன்னனும் அற்புதம் கண்டே வியந்தான். தேவியும் அற்புதம் கண்டே நடுங்கினாள். மன்னனின் மாற்றம் நிலைக்கவில்லை. தேவியின் மாற்றம் நிலைத்தது. வேறுபாடு அற்புதத்தில் இல்லை. அதன்பின் வந்த சொல்லில் உள்ளது. மன்னனிடம் ஒரு வேண்டுகோள் மட்டுமே வைக்கப்பட்டது; தேவியிடம் அவள் துயரமே பொருளாகப் பேசப்பட்டது. துயரத்தைத் தொட்ட சொல்லே உள்ளத்தை மாற்றியது.

இலங்கையில் 1983ஆம் ஆண்டு முதல் 2009ஆம் ஆண்டு வரை நிகழ்ந்த நெடும்போர் இம்மண்ணின் எல்லா இனத்துத் தாயரையும் இராசமாதேவியின் நிலையில் நிறுத்திச் சென்றது. அவர் துயரம் இன்னும் முழுமையாகப் பேசப்படவில்லை. அத்தகைய நாட்டில் மணிமேகலையைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்றல் போதாது. பீடிகையைப் பெயர்க்கவும் விடவும் இயலாத மன்னரின் பிடிவாதத்தையும், பிறர் மொழியறிந்த சாதுவனின் உயிர் தப்பலையும், வியப்பினால் மட்டும் மாறிய மன்னனின் நிலையின்மையையும், குற்றத்தைத் தானே உரைத்த தாயின் துணிவையும் மாணவர் தம் காலத்தோடு பொருத்திக் கற்றல் வேண்டும். கல்விக்கூடங்கள் இதற்கெனப் பெரிதும் செய்ய வேண்டுவதில்லை. அயலாரின் மொழியை அவரோடு உரையாடும் அளவுக்குக் கற்பித்தலும், மணிபல்லவத்துக் கதையைத் தமிழிலும் பாளி வழிவந்த நூலிலும் ஒருங்கே படிப்பித்தலும், பசித்தோர்க்கு உணவிடும் பழக்கத்தை இளமையிலேயே ஊட்டுதலும் இயல்வனவே. நாகர் தலைவன் ஏற்றுக்கொண்ட அறத்தைப் போல இவை சிறியனவாகத் தோன்றும். கலம் கவிழ்ந்து கரையேறியவர்கள் அதன்பின் அத்தீவில் கொல்லப்படவில்லை என்பதே அச்சிறிய அறத்தின் பயன்.